சிறை மீண்டவரோடு முதல் ஓராண்டு: கண்காணிப்புக்கும் மறுவாழ்வுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

விடுதலையாகி வெளியே வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு துணிப்பைதான் இருக்கும். இரண்டு செட் உடுப்பு, மருந்துச் சீட்டு, தீர்ப்பு நகல், வீட்டிலிருந்து எப்போதோ வந்த கடிதங்கள். சட்டைப் பையில், மடித்து மடித்து நைந்துபோன துண்டுச் சீட்டில் ஒரு பத்து இலக்க எண். தம்பியுடையது, அல்லது மச்சானுடையது. என் போனிலிருந்து அந்த எண்ணை அழைப்போம். எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொல்லும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காது.

சட்ட உதவித் தன்னார்வலராகச் சிறை வாசல்களில் நின்ற வருடங்களில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். வெளியே வந்தவரை மறுபடி உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவருடைய குணத்துக்கு உள்ள பங்கைவிட, முதல் சில வாரம் அவர் தன்னந்தனியாக அலைந்த அலைச்சலுக்கு உள்ள பங்கு பெரியது. கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் போலீஸ் ஜீப்தான் நினைவுக்கு வருகிறது. 'கண்ணும் கருத்துமாப் பாத்துக்க' என்று வீட்டில் சொல்வதும் கண்காணிப்புதான். இந்த வழிகாட்டி அந்த வகைக் கண்காணிப்பைப் பற்றியது. சிறை மீண்டவரின் குடும்பத்தார், தொண்டு அமைப்புகளில் இருப்பவர்கள், வார்டு உறுப்பினர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த நன்னடத்தை அலுவலர்கள் ஆகியோருக்காக, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன்.

படி 1: எந்த வகை விடுதலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா விடுதலையும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டால் மேலே செய்வதெல்லாம் பிசகும்.

தண்டனைக் காலம் முழுவதையும் கழித்து வந்தவருக்குச் சட்டப்படி எந்த நிபந்தனையும் கிடையாது. எந்த நிலையத்திலும் அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் இவரைத் தேடி வந்து உதவ வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது. நான் பார்த்தவரை அதிகம் தடுமாறுகிறவர்கள் இவர்கள்தான்.

முன்விடுதலை பெற்றவர் நிபந்தனையோடு வருகிறார். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், தண்டனைக் குறைப்பில் வெளியே வரக் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 475-ஆம் பிரிவு அது. 473-ஆம் பிரிவின் கீழ் விதித்த நிபந்தனையை மீறினால் அரசு குறைப்பை ரத்துசெய்து மிச்சத் தண்டனையை அனுபவிக்கச் சொல்லலாம். அதற்கும் ஒரு வரையறை உண்டு. நிபந்தனை நியாயமானதாக, தெளிவானதாக இருக்க வேண்டும், 'கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும்' என்பது போல வழவழவென்று இருக்கக்கூடாது, ஒரு வழக்குப் பதிவானதை மட்டும் வைத்து ரத்துசெய்யக்கூடாது, நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. விடுதலை ஆணையை நிபந்தனை நிபந்தனையாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போட்டவரே அதில் என்ன இருக்கிறது என்று அறியாமல் இருப்பார்.

மூன்றாவது வகை, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி நீதிமன்றமே விடுவிப்பது. 4-ஆம் பிரிவில் பிணைப்பத்திரம் எழுதி வாங்கி அதிகபட்சம் 3 ஆண்டுக் கெடு வைப்பார்கள். மேற்பார்வை ஆணையும் சேர்ந்தால் அது 1 ஆண்டுக்குக் குறையாது. இங்கே நன்னடத்தை அலுவலர் கட்டாயம் உண்டு. மேற்பார்வையோடு பொருத்தமான வேலை தேடித்தர முயல்வதும் அவருடைய கடமை என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. இதைத் தைரியமாக நினைவூட்டுங்கள்.

நான்காவது ஜாமீன். எண்ணிக்கையில் இதுதான் பெரியது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றம் நிரூபணமாகாதவர்கள். 'சிறைக்குப் போய் வந்தவன்' என்று ஊர் ஒதுக்கும் ஆள், சட்டத்தின் கண்ணில் நிரபராதி என்பதை அவருடைய குடும்பத்துக்கே சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

படி 2: வெளியே வரும் முன்பே வேலையைத் தொடங்குங்கள்

விடுதலை நாளுக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கினால் நல்லது. முதலில் மனு பார்க்கப் போங்கள். சிறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், உள்ளே இருப்பவரைச் சந்திப்பதற்குத்தான் மனு என்று பெயர். மனு பார்க்க யாருமே வராதவரின் பட்டியலைச் சிறை நல அலுவலரிடம் கேளுங்கள். உங்கள் உதவி முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

அடுத்து வேறு வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் தெரியுமா? புதுச் சேலை கட்டி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மனைவி வாசலில் நிற்பார். வேறொரு ஊர் போலீஸ் பி.டி. வாரண்டோடு, அதாவது சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்கில் ஆஜர்படுத்தும் ஆணையோடு, அதே வாசலில் நிற்கும். கண்ணெதிரே வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மறந்துபோன பழைய வழக்கின் பிடியாணையாக இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் அந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து ஜாமீன் வாங்கிவிடலாம், அல்லது தண்டனையோடு சேர்த்து முடித்துவிடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100.

பிறகு அபராதம். தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட வழியில்லாமல் கூடுதல் மாதங்கள் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏழைச் சிறைவாசிகளுக்கு உதவ ஒன்றிய அரசு 2023-இல் கொண்டுவந்த திட்டத்தில் அபராதத்துக்கும் ஜாமீன் தொகைக்கும் பணம் கிடைக்க வழி இருக்கிறது. ஜாமீன் ஆணை வந்தும் 7 நாளில் வெளியே வரமுடியாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை. முன்விடுதலைக்குத் தகுதி வந்தவர்களை, கொள்கை வகுத்துள்ள மாநிலங்கள் விண்ணப்பத்துக்காகக் காத்திராமல் தாமாகவே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியிலும் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக, வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவர் வரும் முன்பே. எங்கே படுப்பார், யார் சோறு போடுவார், பாகப் பிரிவினை நடந்துவிட்டதா, மனைவி வேறு ஊருக்குப் போய்விட்டாரா, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்து பதமாக அவரிடம் சொல்லுங்கள். அம்மா இறந்ததைச் சொல்லாமல் மறைத்துவைத்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். எந்த மறுவாழ்வும் அப்படித் தொடங்கக்கூடாது.

படி 3: முதல் 72 மணி நேரம்

ஜாமீன் விடுதலை பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும். ஆணை வந்து சரிபார்த்து வெளியே அனுப்பும்போது இருட்டிவிடும். ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். புழல் வாசலிலிருந்து சிவகங்கைக்காரர் அந்த நேரத்தில் எங்கே போவார்? கூடப் போக ஆள் இல்லையென்றால் இரவு தங்க இடமாவது பேசிவையுங்கள்.

மாலை, பட்டாசு, பைக் ஊர்வலம், ரீல்ஸ் எதுவும் வேண்டாம். சேக்காளிகள் ஆசையோடுதான் வருவார்கள். அந்த வீடியோவே அடுத்த வழக்குக்கு அடித்தளம் ஆகிவிடும். அமைதியாக ஒரு ஆள், ஒரு ஆட்டோ, ஒரு சாப்பாடு போதும்.

வீட்டில் சில விசித்திரங்கள் நடக்கும், பயப்பட வேண்டாம். சிறைக் கொட்டடியில் இரவெல்லாம் விளக்கு எரியும். அதனால் விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. மாலை ஐந்தரைக்கே சாப்பாடு தேடுவார். கதவுக்கு முன்னால் போய் நிற்பார், யாராவது திறப்பார்கள் என்று. சாலையைக் கடக்கத் தயங்குவார். பத்து வருடம் உள்ளே இருந்தவருக்கு டீக்கடையில் காசு நீட்டினால் 'ஜீபே இல்லையா?' என்று கேட்பதே புரியாது. சிரிக்காமல், அவசரப்படுத்தாமல் கூட இருங்கள்.

உடல்நலத்தில் அசட்டை கூடவே கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறை மீண்ட 30,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், வெளியே வந்த முதல் 2 வாரத்தில் அவர்களின் இறப்பு அபாயம் அதே மாநிலத்தின் பிற மக்களைவிட 12.7 மடங்கு இருந்தது. போதை மருந்து அளவு மீறியதுதான் முதல் காரணம். உள்ளே இருந்தபோது உடல் தாங்கும் அளவு குறைந்துவிடுகிறது, வெளியே வந்து பழைய அளவையே எடுக்கிறார்கள். நம் ஊரில் மாத்திரை, ஊசிப் பழக்கம் இருந்தவருக்கும் இந்த ஆபத்து அப்படியே பொருந்தும். இதைச் சுற்றி வளைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்: "அண்ணே, பழைய அளவு இப்ப உங்க உடம்பு தாங்காது. உசுரே போயிரும்."

காசநோய் மருந்து பாதியில் இருந்தால் சிறை மருத்துவரிடம் நிக்ஷய் எண்ணையும் (காசநோயாளியின் பதிவு எண்) மாற்றுக் கடிதத்தையும் வாங்கி, ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்த நாளே சேர்த்துவிடுங்கள். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்துக்கும் மனநல மருந்துக்கும் இதேதான். இடையில் நாலு நாள் மருந்து நின்றால்கூடச் சிக்கல். மனம் கலங்கிப் பேசினால் 104 அல்லது டெலி மானஸ் 14416. அந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், போனில் மட்டும் பதிந்தால் போதாது.

படி 4: காகிதங்கள்

இங்கேதான் பலர் நம்பிக்கை இழக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வருகிறது, அந்த ஓ.டி.பி. எப்போதோ செத்துப்போன எண்ணுக்குப் போகிறது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் புது சிம். பிறகு ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து எண்ணை மாற்றுவது. நீண்ட நாள் கல் உடைத்த, தறி ஓட்டிய கைகளில் ரேகை பதியாது, கருவிழிப் பதிவைக் கேளுங்கள். அதன் பிறகு வங்கி. 2 வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், அடையாளச் சான்று கொடுத்தால் திறந்துவிடும். 10 வருடம் தாண்டியிருந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும், அதையும் தன் வங்கி வழியாகவே கேட்டுப் பெறலாம். சிறைக் கூலிச் சேமிப்பை அந்தக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கையில் மொத்தமாக வாங்கினால் ஒரு வாரத்தில் சொந்தக்காரர்களிடம் கரைந்துவிடும்.

ரேஷன் கார்டில் பெயர் நீக்கியிருப்பார்கள். இ-சேவை மையத்தில் சேர்க்கலாம், இழுத்தால் வட்ட வழங்கல் அலுவலரைப் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்திருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். லாரி, ஆட்டோ ஓட்டியவர்களுக்கு இது பிழைப்பு, ஒத்திப்போடாதீர்கள்.

வாக்காளர் பட்டியலிலும் பெயரைச் சேருங்கள். உள்ளே இருக்கும்போதுதான் ஓட்டுப் போட முடியாது, வெளியே வந்த நாளிலிருந்து முழு உரிமை உண்டு. 2 வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலைக்குப் பிறகு 6 வருடம் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிட முடியாது, அது வேறு. ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மை வைத்த விரலை எனக்குக் காட்டினார். சாயங்காலம் வரை அந்த விரலை நனையவிடாமல் வைத்திருந்தார். வாக்காளர் அட்டைக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

படி 5: காவல் நிலையத்தோடு எப்படி நடந்துகொள்வது

'தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்.' நம் ஊர் ஜாமீன் ஆணைகளில் அடிக்கடி வரும் வரி இது. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இதன் பொருள் வேலை போச்சு என்பதுதான். எட்டரைக்குக் கூலி ஆள் எடுக்கும் முக்கில் நிற்காதவரை மேஸ்திரி எடுக்க மாட்டார். முதல் சில வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் கையெழுத்துப் போடுங்கள், பிறகு கண்டிஷன் தளர்வு மனு போடுங்கள். வாரம் ஒரு முறை, அல்லது மாலை நேரம் என்று மாற்றித் தருவார்கள். வேலை கொடுப்பவரின் கடிதம் ஒன்று இருந்தால் மனு வலுக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, போன நேரம், பணியில் இருந்தவரின் பதவி, திரும்பிய நேரம் என்று எழுதட்டும். அன்றைய பஸ் டிக்கெட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டட்டும். 'வரவே இல்லை' என்று ஜாமீன் ரத்துக்கு மனு வந்தபோது, சோற்றுப் பசையால் டிக்கெட் ஒட்டிய அந்த நோட்டுதான் ஒருவரைக் காப்பாற்றியது.

உயிர் ஆபத்தையும் யோசியுங்கள். பழிக்குப் பழி நடக்கும் பகுதிகளில், இன்ன நேரத்துக்கு இன்ன வழியில் இவர் வருவார் என்பதை நிபந்தனையே எதிரிக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டுத் திரும்பும் வழியில் வெட்டப்பட்டவர்களின் செய்தியை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். அப்படிப்பட்ட பயம் இருந்தால் ஜாமீன் மனுவிலேயே வேறு மாவட்டத்தில் தங்கிக் கையெழுத்திட அனுமதி கேளுங்கள். இதைக் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை.

அடுத்தது சரித்திரப் பதிவேடு, பழைய வழக்குள்ளவர்களைப் பற்றிக் காவல் நிலையம் வைத்திருக்கும் பட்டியல். திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்றால் பழைய பட்டியலில் உள்ளவர்களை அழைத்து பி.என்.எஸ்.எஸ். 126 அல்லது 129-ஆம் பிரிவில் பிணைப்பத்திரம் கேட்பார்கள் (பழைய சட்டத்தில் 107, 110). முதலாவதில் அதிகபட்சம் 1 ஆண்டு, இரண்டாவதில் 3 ஆண்டு. அழைப்பு வந்தால் தலைமறைவாகச் சொல்லாதீர்கள். வேலைச் சான்று, நோட்டு, வக்கீல் மூன்றையும் கூட்டிக்கொண்டு போய் அவர் தரப்பைச் சொல்லச் சொல்லுங்கள். 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் 12 மாதம் வரை அடைக்க முடியும் என்பதால் இந்தக் கவனம் தேவைப்படுகிறது. அதே நேரம் போலீசுக்கும் எல்லை உண்டு. பட்டியலில் உள்ளவர் என்பதற்காக இரவில் வீடு புகுந்து பார்ப்பது செல்லாது என்று கரக் சிங் வழக்கில் 1962 டிசம்பரிலேயே தீர்ப்பாகிவிட்டது. ஜாமீனில் உள்ளவர் கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தை எந்நேரமும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்த மண்ணுக்கு வெறும் கண்காணிப்பின் விளைவு நன்றாகத் தெரியும். 1871-இல் வந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை உசிலம்பட்டிப் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் உயிர் கொடுத்தார்கள். பயிர் காக்கவும் கல்யாணத்துக்குப் போகவும் முடியாமல் கட்டிப்போட்ட அந்தக் கண்காணிப்பு யாரையும் திருத்தியதாகக் கதை இல்லை. நாம் எழுதும் ஒவ்வொரு நிபந்தனையும் அவர் வேலைக்குப் போவதைத் தடுக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

படி 6: வேலை

தமிழ்நாட்டு மத்திய சிறைகளில் நெசவு, தையல், பேக்கரி, தோல் வேலை கற்றுத் தருகிறார்கள், சிறைத் துறையின் பெட்ரோல் பங்குகளிலும் சிறைவாசிகள் வேலை செய்கிறார்கள். கற்ற வேலைக்கான சான்றிதழில் சிறையின் முத்திரை இருந்தால் பலர் அதை வெளியே காட்டக் கூசுகிறார்கள். கையில் துணியைக் கொடுத்துத் தைத்துக் காட்டச் சொல்லும் முதலாளியைத் தேடுங்கள்.

முதலாளியிடம் மறைக்கலாமா? வேண்டாம் என்பது என் கருத்து. எப்படியும் மூன்றாவது மாதம் தெரிந்துவிடும், அப்போது 'பொய் சொன்னவன்' என்ற பெயரும் சேரும். ஆனால் வழக்கின் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு வழக்குல தண்டனை முடிச்சுட்டு வந்திருக்கேன். ஆறு மாசம் பாருங்க" என்பது போதும், அதையும் அவரே சொல்லட்டும். அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் மறைக்கவே கூடாது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. சின்ன வழக்கென்றால் வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ள இடம் உண்டு, மறைப்பது தனிப் பிழையாகிவிடும். நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்கு 12-ஆம் பிரிவு தகுதியிழப்பிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. வெளிநாடு போக நினைப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 ஆண்டோ மேலோ தண்டனை பெற்றிருந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுக்குள் அந்தத் தண்டனை வந்திருக்கும்போது பாஸ்போர்ட் மறுக்கப்படும். ஏஜென்டிடம் பணம் கட்டிவிட்டு இதைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு பட்டறையில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தார். விசாரித்துவிட்டு வரலாம் என்று கழுத்தில் அடையாள அட்டையோடும் கையில் கோப்போடும் நேரே பட்டறைக்குள் போனேன். மற்ற தொழிலாளிகள் பார்த்தார்கள். அன்று மாலை முதலாளி அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அவர் என்னிடம் கோபப்படவில்லை, "பரவாயில்ல தம்பி" என்றார். அதன் பிறகு வேலை இடத்துக்கு நான் போவதே இல்லை. அவர் சம்மதித்தால் மட்டும், அவர் சொல்லும் நேரத்தில், வாடிக்கையாளராகப் போங்கள்.

முதல் மூன்று மாதம் வாரச் சம்பளம் தரும் வேலையாகப் பாருங்கள். மாத முடிவு வரை காத்திருக்கும் கையிருப்பு அவரிடம் இல்லை, அந்த இடைவெளியில்தான் கந்துவட்டிக்காரர் வருவார். சொந்தத் தொழில் என்றால் பணமாகக் கொடுக்காமல் தள்ளுவண்டி, தையல் இயந்திரம் எனப் பொருளாகக் கொடுங்கள். சிறை மீண்டோருக்கான ஆதரவுச் சங்கத்தின் உதவியை நன்னடத்தை அலுவலர் வழியாகக் கேட்கலாம்.

படி 7: வீடும் ஊரும்

சொந்த ஊருக்கே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் அடுத்த தெருவில் இருக்கும்போது, அவர்கள் தினமும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களுடைய வலியை நாம் மறந்துவிட்டு மறுவாழ்வு பேச முடியாது. மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்று நீங்களாக அழைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். அந்தக் குடும்பம் விரும்பினால் மட்டும், அவர்கள் நம்பும் ஆள் நடுவில் இருந்து பேசட்டும்.

பெண்கள் விஷயம் வேறு. கணவன் சிறையில் இருந்தால் மனைவி பல வருடம் மனு பார்க்க வருகிறார். மனைவி சிறையில் இருந்தால் அவரைப் பார்க்க வயதான அம்மா மட்டும் வருகிறார், அவர் போனபின் யாரும் வருவதில்லை. பிள்ளைகள் ஆறு வயது வரை அம்மாவோடு சிறையில் இருக்கலாம், பிறகு உறவினரிடமோ இல்லத்திலோ வளர்கிறார்கள். வெளியே வரும் பெண்ணுக்கு முதல் தேவை பாதுகாப்பான தங்குமிடம், 181-ஐ அழைத்தால் வழி காட்டுவார்கள். இரண்டாவது, பிள்ளையைப் பார்ப்பது. பிள்ளை முதல் தடவை பக்கத்தில் வராது. "போய் அம்மாவைக் கட்டிப் பிடி" என்று தள்ளாமல் விடுங்கள். தின்பண்டம் வாங்கிக்கொண்டு வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்திருந்தால் அதுவாக மெல்ல வரும்.

படி 8: வாராந்திரச் சந்திப்பு

முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. ஒரே ஆள் ஆரம்பம் முதல் கடைசி வரை இருப்பது நல்லது. ஆள் மாறினால் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், அதில் சலித்தே வராமல் போனவர்கள் உண்டு.

எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் விசாரணை போல ஆகிவிடும். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காருங்கள், அல்லது நடந்துகொண்டே பேசுங்கள். 'ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல சார்' என்பதுதான் பதில், சிறையில் பழகிய பதில் அது. வேறு மாதிரி கேளுங்கள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" சாப்பாடு சொல்லும் வீட்டில் என்ன நிலைமை என்று. "எத்தனை மணிக்குத் தூக்கம் வந்துச்சு?" "இந்த வாரம் யாருக்குக் காசு கொடுக்கணும்?" "பழைய ஆளுங்க யாரும் போன் பண்ணாங்களா?" கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால் அங்கே நின்று விடுங்கள், குடையாதீர்கள். அடுத்த வாரம் அவரே சொல்வார்.

கேட்டதை அவர் முன்னாலேயே எழுதுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அவர் சொன்ன எது யாருக்குப் போகும், எது உங்களோடு நிற்கும் என்பதை முதல் சந்திப்பிலேயே உடைத்துச் சொல்லுங்கள். ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆகவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 9: சறுக்கினால்

சறுக்குவார். குடித்துவிட்டு வருவார், இரண்டு வாரம் போன் எடுக்கமாட்டார், வேலையை விட்டுவிடுவார். இவை மூன்றும் ஒன்றல்ல. கையெழுத்து ஒரு நாள் தவறினால் அன்றே வக்கீலிடம் சொல்லி, காய்ச்சல் என்றால் மருத்துவச் சீட்டோடு நீதிமன்றத்தில் எழுதிக் கொடுங்கள். மறைத்தால்தான் பெரிதாகும். குடித்திருந்தால் அன்று பேசாதீர்கள், மறுநாள் காலை போங்கள். பழைய கூட்டாளிகளோடு மறுபடி பார்த்ததாகக் கேள்விப்பட்டால், கேள்விப்பட்டதை அவரிடமே நேரே கேளுங்கள், ஊரில் விசாரிக்காதீர்கள். புது வழக்கு வந்துவிட்டால் கைது நடந்த அன்றே வக்கீல் ஏற்பாடு செய்யுங்கள். இதோடு விட்டுவிட்டோம் என்று போகாதீர்கள். மறுபடி உள்ளே போனவரை மனு பார்க்கப் போனபோது, "நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஒருவர். இரண்டாவது தடவை வெளியே வந்த பிறகுதான் அவர் நிலைத்தார்.

படி 10: முடித்துக்கொள்வது

மேற்பார்வை முடிவில்லாமல் இழுக்கக்கூடாது. நன்னடத்தைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில், இனி மேற்பார்வை தேவையில்லை என்று அலுவலர் விண்ணப்பித்தால் கெடுவுக்கு முன்பே பிணைப்பத்திரத்திலிருந்து விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தகுதியானவருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதுங்கள், பலரும் எழுதுவதில்லை. சரித்திரப் பதிவேட்டை மூடவும் காவல் அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். ஆண்டுக் கணக்கில் வழக்கில்லை என்பதற்கும் வேலைக்கும் சான்று இணையுங்கள்.

கடைசிச் சந்திப்பில் தீர்ப்பு, விடுதலைச் சான்று, நிபந்தனை தளர்வு ஆணை, மருத்துவக் கோப்பு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு அவரிடமே கொடுங்கள். நகல் ஒன்றை அவர் சம்மதித்தால் மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எளிதில் நைந்துபோகாத நல்ல காகிதத்தில் உங்கள் எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள், அந்த எண்ணை மாற்றாதீர்கள். நான் போன் நிறுவனம் மாறியபோதும் எண்ணை மாற்றவில்லை. நாலு வருடம் கழித்துக்கூட அழைப்பு வருகிறது, பெரும்பாலும் பெண்ணுக்குக் கல்யாணம் என்றோ, வண்டி வாங்கியிருக்கிறேன் என்றோ.